நாயின் பாஸ்போர்ட்டும் நாள்கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய நாடுகளில் செவிலியராகவும் பொறியாளராகவும் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதில் போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லைச் சோதனை இல்லாததால் வளர்ப்பு நாயையும் பூனையையும் காரில் ஏற்றிக்கொண்டு எந்த நாட்டுக்கும் போய்விடலாம் என்று. அது முழுப் பொய்யில்லை. எனினும் அதை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர் பாதி வழியில் நிற்க வேண்டிவரும். கால்நடை பராமரிப்புத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், சென்ற ஆண்டு என் மகள் குடும்பம் தங்கள் நாயுடன் ஜெர்மனியிலிருந்து அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் கருதித் தாங்கள் எதை வெட்டினாலும், தேதிகளையும் மணிக்கணக்குகளையும் மட்டும் விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன்.

எல்லை என்றால் என்னவென்று குமரி மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை நாமே அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள். கேரள எல்லையான களியக்காவிளையில் ஆள்கள் நாள் முழுவதும் தடையில்லாமல் போய் வருகிறார்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் மறுநாளே அதே சாலையில் கோழி வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்கிறோம். அந்தத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் இரவுப் பணியில் நின்றிருக்கிறேன். மனிதருக்குத் திறந்துகிடக்கும் எல்லை பிராணிகளுக்கும் அதே அளவு திறந்திருப்பதில்லை என்பது அங்கே நின்றவனுக்குத் தெரியும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓடும் ரைன் ஆற்றைப் பாலத்தில் கடக்கும்போது பெரும்பாலும் யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை. ஆனால் கப்பல் துறையிலும் விமான நிலையத்திலும் நிறுத்துவார்கள், நிறுத்திக் கேட்கும்போது காகிதத்தில் ஒரு தேதி பிசகியிருந்தாலும் வாதாடிப் பயனில்லை.

அடிப்படை விதிகள் மூன்றுதான். 2013-இல் இயற்றப்பட்டு 2014 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் ஒழுங்குமுறை அவற்றுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. நாயோ பூனையோ ஆனால் அதன் தோலுக்கடியில் பதினைந்து இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இவ்விரண்டையும் அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட, நீல அட்டை போட்ட பிராணிப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் முழுவதும் வரிசையில் இருக்கிறது. சிப் முதலில், ஊசி அதற்குப் பிறகு, அல்லது அதே நாளில். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்பதற்குச் சாட்சி இல்லை என்பதால், சட்டத்தின் கண்ணில் அந்த ஊசி போடப்படவே இல்லை. குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் நிறைந்த பிறகே முதல் ஊசி. அதன்பின் இருபத்தொரு நாள் காத்திருப்பு. ஆகவே பதினைந்து வாரத்துக்குக் குறைந்த குட்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக, பொதுவாக வழியில்லை. மறு ஊசியைக் குறித்த நாளுக்குள் போட்டுவிட்டால் காத்திருப்பு கிடையாது. ஒரே ஒரு நாள் தவறிவிட்டால் அது மீண்டும் முதல் ஊசியாகக் கணக்கிடப்பட்டு, இருபத்தொரு நாள் புதிதாக எண்ணப்படும். எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் அந்த நாள்களில் ஒன்றைக் குறைக்க முடியாது.

என் மகள் வளர்க்கும் ப்ரூனோ ஜெர்மன் நாய் அன்று. ருமேனியாவின் தெருக்களில் அலைந்த நாய்களை மீட்டு ஜெர்மனியில் தத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. அப்படி வந்தவன் அவன். நம் ஊர்ச் சந்தையில் பத்து நிமிடம் நின்றால் அவன் சாயலில் நான்கு நாய்களைப் பார்த்துவிடலாம். குடிபெயர்வுக்கு மூன்று மாதம் முன்பே மகள் அவனை ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள், நானும் உடன் போனேன். மருத்துவர் முதலில் செய்த வேலை ஊசியைத் தேடுவதாகவோ வெப்பநிலை பார்ப்பதாகவோ இல்லை. கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக் கழுத்தின் இடப்பக்கம் தடவினார். சத்தம் வரவில்லை. சற்றுக் கீழே, தோள்பட்டைக்கு அருகில் கொண்டுவந்ததும் பீப் என்றது. சிப் தோலுக்கடியில் மெல்ல நகர்ந்து இறங்கிவிடுவது உண்டாம். திரையில் 642 என்று தொடங்கும் எண் தெரிந்தது. 642 ருமேனியாவுக்குரிய குறியீடு, ஜெர்மனியானால் 276 என்று மருத்துவர் விளக்கினார். பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்து பதினைந்து இலக்கங்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கன்றுக்குக் காதுவில்லை போடும்போது இரண்டு எண்கள் இடம் மாறி, பிறகு காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் அலைந்த விவசாயிகளைப் பார்த்தவன் நான். அந்த விரலை அவர் நகர்த்திய நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. கருவி சிப்பைப் படிக்கவில்லை என்றால் அதைத் துறைமுகத்தில் தெரிந்துகொள்வதைவிட மூன்று மாதம் முன்னதாகத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். சிப் எண்ணோடு வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதையும், நாடு மாறும்போது அதைத் திருத்த வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வழியில் நாய் தொலைந்தால் சிப் எண் மட்டும் தெரிந்து யாருக்கு என்ன பயன்?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று மருமகன் அலுத்துக்கொண்டபோது நான் அவருக்குச் சொன்ன பழைய கதையை இங்கேயும் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். நம் நாட்டில் வெறிநோய் என்றால் தெருநாய். மேற்கு ஐரோப்பாவில் அது நரியின் நோயாக இருந்தது. நரியைப் பிடித்து ஊசி போட முடியுமா? 1978-இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆங்காங்கே போட்டார்கள். நரிகள் அவற்றைத் தின்றன, நோய் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை. பின்னர் தொழிற்சாலையில் செய்த இரைவில்லைகளை விமானத்திலிருந்து தூவும் அளவுக்கு அந்த முறை வளர்ந்து, நாடு நாடாகப் பரவி, 2008-இல் ஜெர்மனி நரிகளின் வெறிநோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பு. இறைச்சிக் கடைக் கழிவு ஒரு கண்டத்தின் நோயை விரட்டத் தொடங்கிய இந்த வரலாற்றைப் பணிக்காலப் பயிற்சி ஒன்றில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அப்படித் துடைத்தெடுத்த மண்ணில் ஊசி போடாத ஒரு குட்டியைக் காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான் அந்த இருபத்தொரு நாள்.

இனி, எங்களைத் தடுமாற வைத்த விதிக்கு வருகிறேன். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்குள் நாய் நுழைய வேண்டுமானால், நுழையும் நேரத்துக்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் நாடாப்புழு மருந்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டனுக்கும் இதே விதிதான். பூனைக்கு இது கிடையாது. காரணம் நரியின் குடலில் வாழும் ஒரு சிறிய நாடாப்புழு. காட்டெலியைத் தின்னும் நாய்க்கும் அது தொற்றும். நாயின் சாணத்தில் வெளிவரும் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஓசையில்லாமல் வளர்ந்து, கல்லீரலைப் புற்றுநோய் போல அரிக்கும். மேற்சொன்ன நாடுகளில் அந்தப் புழு இல்லை, அதை உள்ளே விடவும் அவர்களுக்கு விருப்பமில்லை. சுவீடனும் ஒரு காலத்தில் இப்படித்தான் காவல் காத்தது. 2011-இல் அங்கே நரியில் புழு கண்டுபிடிக்கப்பட்டது.

மருந்து என்னவோ நாம் அன்றாடம் கையாளும் பிராசிகுவான்டல்தான். நாய்க்குக் குடற்புழு மாத்திரை கொடுப்பது எனக்குக் கைவந்த வேலை. நாக்கின் அடியில் வைத்துத் தாடையைப் பொத்தித் தொண்டையை ஒரு தடவு தடவினால் முடிந்தது. நானே கொடுத்துவிடுகிறேனே, மருத்துவருக்கு எதற்குப் பணம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டின் பக்கத்தைக் காட்டினாள். மருந்தின் பெயர், கொடுத்த தேதி, கொடுத்த மணி, மருத்துவரின் முத்திரை, கையொப்பம் ஆகிய ஐந்துக்கும் அதில் இடம் இருந்தது. முப்பத்தோரு ஆண்டு அனுபவத்துக்கு இடம் இல்லை.

மகள் அயர்லாந்தில் புதிய மருத்துவமனையில் திங்கட்கிழமை பணியில் சேர வேண்டியிருந்ததால் வெள்ளிக்கிழமையே விமானத்தில் போய்விட்டாள். மருமகனும் நானும் நாயும் காரில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, பிரான்சின் வடமேற்கு முனையில் இருக்கும் செர்பூர் துறைமுகத்தை அடைந்து, சனிக்கிழமை மாலைக் கப்பலில் காரை ஏற்றி, ஞாயிறு காலையில் அயர்லாந்து சேருவதாகத் திட்டம். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்டுட்கார்ட்டில் மாத்திரை கொடுத்து எழுதி வாங்கியாயிற்று. கணக்குப்படி வியாழன் மாலை ஐந்து மணியிலிருந்து திங்கள் மாலை ஐந்து மணி வரை எப்போது இறங்கினாலும் சரி. தாராளமாக இடம் விட்டிருக்கிறோம் என்று நினைத்தோம். நினைக்காதது அக்டோபர் மாதத்து அட்லாண்டிக் கடல். சனிக்கிழமை மதியம் காற்று எழுந்தது. கப்பல் ரத்து, அடுத்தது திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. கடலுக்குள் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் வள்ளத்தைக் கரையேற்றி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காரும் ஊர்க்காரன் நான். காற்றோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் திங்கள் மாலை புறப்படும் கப்பல் செவ்வாய் காலையில்தான் சேரும். அதற்குள் 120 மணி நேரம் முடிந்துவிடும். கொடுத்த மாத்திரை வீண்.

ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் மருத்துவமனைகள் பூட்டிக் கிடந்தன. திங்கட்கிழமை காலையில் திறந்ததும் மாத்திரை கொடுத்தால் செவ்வாய் இறங்கும்போது 24 மணி நேரம் நிறைந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. தங்கும் விடுதியின் மேசையில் உட்கார்ந்து பிரான்சின் மணியையும் அயர்லாந்தின் மணியையும் இரண்டு வரிசையாக எழுதிக் கணக்குப் போட்டோம். இரு நாட்டுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு, அயர்லாந்து பின்னால். காலை ஒன்பதரைக்கு மருந்து கொடுத்தால், மறுநாள் அங்கே பதினொரு மணி என்பது இங்கே பன்னிரண்டு மணி. ஆக இருபத்தாறரை மணி நேரம். போதும். கடையைத் திறக்க வந்த பெண் மருத்துவரை வாசலிலேயே பிடித்துவிட்டோம். ருமேனியாவில் வழங்கி, ஜெர்மனியில் எழுதப்பட்ட பாஸ்போர்ட்டில் அவர் பிரெஞ்சு முத்திரையைக் குத்தி 9.30 என்று மணியையும் எழுதிக் கொடுத்தார். ஒன்றியத்தில் எந்த நாட்டு மருத்துவர் எழுதினாலும் செல்லும் என்பது அந்த நீலப் புத்தகத்தின் பெருமை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. நாயின் உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ, அதற்குள் நாயும் பயணம் செய்துவிட வேண்டும். உரிமையாளர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த ஒருவர் கூட்டிச் செல்லலாம். ஐந்து நாள் தாண்டினால் அது சொந்தப் பயணமாகக் கருதப்படாது. வியாபாரத்துக்குக் கொண்டுபோகும் பிராணிக்குரிய விதிகள் வந்துவிடும். பாஸ்போர்ட்டில் உரிமையாளராக மகளின் பெயர்தான் இருந்தது. அவள் வெள்ளிக்கிழமை போனாள், நாய் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. இன்னொரு கப்பல் தவறியிருந்தால் அந்தக் கணக்கும் உடைந்திருக்கும். ஆகவே மழை, காற்றுக் காலத்தில் கப்பலில் போகிறவர்கள் மாத்திரையை முடிந்தவரை பயணத்துக்கு முந்தைய நாளுக்குத் தள்ளிவைப்பதும், துறைமுக ஊரில் ஒரு கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே குறித்துவைப்பதும் நல்லது.

நான் அந்தக் கப்பலில் ஏறவில்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. என் விசா செர்பூர் துறைமுகத்தின் கம்பி வேலியோடு முடிந்தது. பிராணிகளோடு வருகிறவர்களின் வரிசையில் கார் நின்றபோது ஒரு பணியாளர் படிக்கும் கருவியை மருமகன் கையில் கொடுத்தார். அவர் ப்ரூனோவின் தோளில் தடவ, பீப் என்றது. பக்கத்தைப் புரட்டி 9.30 என்ற மணியைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். ருமேனியத் தெருநாய்க்கு இருந்த வழி தமிழ்நாடு அரசின் ஓய்வூதியதாரருக்கு இல்லை. வேலிக்கு இப்பால் நின்று கை காட்டிவிட்டு நான் பாரிஸ் ரயிலைப் பிடித்தேன்.

காகிதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பயணம் செய்வது பிராணி. கூண்டுக்குப் பழக்குவதை இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். மகள் முதல் வாரத்தில் கூண்டின் கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் மூலையில் வைத்தாள். சோற்றுத் தட்டை வாசலில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே தள்ளினாள். மூன்றாம் வாரத்தில் அவன் தானாகவே உள்ளே போய்ப் படுத்தான். அதற்குப் பிறகே கதவு, அதற்குப் பிறகே காரில் சிறு பயணம். கூண்டில் விரிக்க நான் ஊரிலிருந்து கொண்டுபோன பழைய துவர்த்தைக் (துண்டைக்) கேட்டு வாங்கிக்கொண்டாள். துவைக்காமல் கொடுங்கள் அப்பா என்றாள். வீட்டு ஆளின் மணம் பக்கத்தில் இருந்தால் நாய் அமைதியாக இருக்கும் என்பது சரிதான்.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துக் கொண்டுபோகலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் பிராணியின் ரத்த அழுத்தமும் உடல் வெப்பமும் தாழ்வதோடு, கூண்டு சாய்ந்தால் நிலை சரிசெய்துகொள்ளவும் அதற்கு முடியாது. விமான நிறுவனங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட பிராணியை ஏற்பதும் இல்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே ஒரு போராட்டம் என்பதால் அவற்றைச் சரக்கு அறையில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு கொஞ்சமாகச் சோறு, தண்ணீர் மட்டும் அவ்வப்போது. வாந்தி, குமட்டல் பாதி குறையும். காரில் நாயைத் தளர விட்டு ஓட்டக் கூடாது. ஜெர்மன் சாலை விதியில் நாய்க்குத் தனி இடம் கிடையாது, அது சரக்குக் கணக்கில் சேர்கிறது. கட்டாத சரக்குக்கு அபராதம் உண்டு. ஜெர்மன் ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட் வாங்கி வாய்ப்பூட்டும் போட வேண்டும். லண்டனுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலில், உதவி நாய்களைத் தவிர எந்தப் பிராணியையும் ஏற்றுவதில்லை.

இன வகையிலும் கவனம் வேண்டும். பிட்புல், புல் டெரியர் முதலிய நான்கு இனங்களை ஜெர்மனி உள்ளே விடுவதில்லை. டென்மார்க் 2010 முதல் பதின்மூன்று இனங்களைத் தடை செய்திருக்கிறது. நம் பக்கத்துத் தோட்ட வீடுகளில் காவலுக்குக் கட்டிப் போட்டிருக்கும் ராட்வீலரை அயர்லாந்தில் பொது இடத்தில் குட்டைக் கயிறும் வாய்ப்பூட்டும் இல்லாமல் நடத்த முடியாது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், அங்கே வழங்கப்பட்ட பிராணிப் பாஸ்போர்ட் 2021 ஜனவரி 1 முதல் ஒன்றியத்தில் செல்லாது. லண்டனில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குப் பாரிஸ் போக நினைத்தாலும் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெற்கே ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் பக்கம் போகிறவர்களிடம் எந்த அதிகாரியும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்பேன்: மணல் ஈக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? லீஷ்மேனியாசிஸ் என்னும் நோயை அது நாய்க்குப் பரப்புகிறது. முழுமையாகக் குணப்படுத்துவது கடினம். மருந்து தோய்த்த கழுத்துப்பட்டையை முன்கூட்டியே கட்டி, அந்தி முதல் விடியல் வரை நாயை வீட்டுக்குள் வைத்திருப்பதே காவல். இளவேனில் காலத்துப் பைன் காடுகளில் வரிசையாக ஊர்ந்து போகும் கம்பளிப்புழுவை நாய் நக்கிவிட்டால் நாக்கே அழுகிப் போவதும் உண்டு. இவை எந்தப் படிவத்திலும் இல்லை என்பதாலேயே சொல்கிறேன்.

இனி நம் மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. கருங்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நெதர்லாந்தில் இருக்கும் மகனிடம் லாப்ரடார் நாயை அனுப்ப விரும்பி, ஏப்ரலில் என்னிடம் காகிதங்களைக் கொண்டுவந்தது. மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஜனவரியில் ஊசி, மார்ச்சில் சிப். எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்: இந்த ஊசி செல்லாது. ஊசி போட்ட தனியார் மருத்துவமனையில் யாரும் சிப்பைப் பற்றிக் கேட்கவில்லையாம், அவர்களும் சொல்லவில்லை. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போகும் பிராணிக்கு ஊசி மட்டும் போதாது. ஊசிக்குப் பின் குறைந்தது முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் ஒப்புதல் அளித்த ஆய்வகத்தில் சோதித்து, மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதென்று சான்று பெற வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். ஆக, மறுபடியும் ஊசி, முப்பது நாள், மூன்று மாதம். செப்டம்பர் வரை அந்த நாய் பாட்டி வீட்டுத் திண்ணையில் கிடந்தது, டிக்கெட் பணம் போனது. கடைசியில் சென்னையில் மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வாங்க வேண்டிய ஏற்றுமதிச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குரிய உடல்நலச் சான்று எழுதிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் பிராணி அங்கே போய்ச் சேர வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை எழுநூறு கிலோமீட்டர். ரயிலில் நாயோடு போவதென்றால் முதல் வகுப்பில் அறை முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டு. பத்து நாளில் இரண்டு நாள் இதற்கே போய்விடும்.

இதே விதியில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது, அதைத்தான் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் மகனோ மகளோ நாயைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வரப் போகிறேன் என்று சொன்னால், அங்கிருந்து புறப்படும் முன்பே ரத்தச் சோதனையை முடித்துப் பாஸ்போர்ட்டில் எழுதி வாங்கிவிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்துவிட்டால் திரும்பிப் போகும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. ஊசியை நாள் தவறாமல் போட்டுவந்தால் அந்த ஒரு சோதனை நாயின் ஆயுளுக்கும் செல்லும். இங்கே வந்த பிறகு நினைத்துக்கொண்டால் முப்பது நாள் விடுமுறை முடிந்து ஆள் போய்விடுவார், நாய் இங்கேயே நிற்கும். இந்தியாவுக்குள் கொண்டுவர முன் அனுமதி பெறுவது தனி வேலை. அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

என் பழைய துறைத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை எழுதும்போது என் மேசை மேல் அந்த லாப்ரடாரின் பழைய தடுப்பூசி அட்டையின் நகல் இருக்கிறது. அதில் 'ஏ.ஆர்.வி. போடப்பட்டது' (அதாவது வெறிநோய்த் தடுப்பூசி) என்றும் ஒரு தேதியும் மட்டுமே உள்ளன. மருந்தின் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, எதுவரை செல்லும் என்பது இல்லை, சிப் எண்ணுக்குக் கட்டமே இல்லை. நானும் பணியில் இருந்தபோது நூற்றுக்கணக்கான அட்டைகளை இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி நம் கால்நடை மருந்தகங்களில் தடுப்பூசி முகாம் நடக்கும்போது, நாய்க்குச் சிப் இருக்கிறதா என்று முதலில் கேட்டு, இருந்தால் அந்த எண்ணை எழுதி, குப்பியின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டிவிட்டு, அதன் பக்கத்தில் கையொப்பமிட்டால் போதும். நாய் ஒன்றுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.